கண்களைக் கடைசியில் வரைந்தவருக்கு

வண்ணங்களின் வள்ளலே! வாய் திறவாப் பிள்ளைகளுக்கு வாசலாய் நின்றவரே! பாடம் சொன்ன ஆசானே, மனம் ஆற்றிய ஆலோசகரே, கரித்துண்டால் கதை கேட்ட கலைஞரே, எங்கள் ஓவிய ஐயா அவர்களே! வணக்கம்.

முப்பதாண்டுக்கு மேற்பட்ட முத்தான பணியை நிறைவு செய்து இன்று தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். சில மாதங்களுக்கு முன்பே தாங்கள் காலமாகிவிட்டது உண்மைதான். துக்கத்துக்கு நாங்கள் அனைவரும் வந்திருந்தோம். ஆயினும், "ஓய்வுத் தேதி வருதில்ல? மனுஷன் தினமும் வேலைக்கு வந்துட்டுத்தானே இருக்காரு? விழா எடுக்காம விட்டா நல்லாவா இருக்கும்?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, மாலைக்கும் மேடைக்கும் உடனே சொல்லிவிட்டோம். மேடையின் நடு நாற்காலியில் மெத்தை அமுங்கியிருப்பதை முன்வரிசை இந்நேரம் கண்டிருக்கும்.

கேள்வி கேட்காத ஆலோசகரே! தங்கள் அறைக்கு வந்த பிள்ளையை எதிரே உட்கார வைத்து, ஒன்றும் பேசாமல் அதன் முகத்தை வரையத் தொடங்குவீர்கள். நெற்றி வரும், மூக்கு வரும், கலைந்த தலைமுடிகூட வரும். கண்கள் மட்டும் வரா. "என்ன சார், எனக்குக் கண்ணே இல்ல?" என்று கேட்டால், "நீ இன்னும் என்னைப் பாக்கலையே" என்பீர்களாம். மனத்தில் கிடந்ததைப் பிள்ளை சொல்லி முடித்த பிறகே கண்களை வரைந்து, படத்தைக் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். அப்படிக் கண் பெற்றுப் போனவர்கள் எத்தனையோ பேர்!

தாங்கள் மறைந்த அன்று தங்கள் அறைச் சுவரில் ஒரே ஒரு படம் கண்ணின்றி மிஞ்சியது. எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், எவரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படம் அது.

தங்கள் நினைவுக் கண்காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் வருவதாக இருந்தது. "அரைகுறையா மாட்டினா அசிங்கம்" என்றார் தலைமையாசிரியர். "கண்ணுதானே? ரெண்டு வட்டம். விடுங்க, நான் போட்டுடறேன்" என்று கணித ஆசிரியர் காம்பஸை எடுத்தார். அளவில் அணுவும் பிசகாத அருமையான வட்டங்கள்! மறுநாள் காலையில் அவை அழிந்திருந்தன; தங்கள் நாற்காலியில் ரப்பர் துகள் சிதறிக் கிடந்தது. அவர் மீண்டும் வரைந்தார், மீண்டும் அழிந்தது. அடுத்த முறை பெட்டியைத் திறந்தபோது, அதுவரை யாரோ கையில் பிடித்திருந்ததைப் போல் காம்பஸ் வெதுவெதுப்பாக இருந்ததாம். அதற்குப் பின் அவர் வகுப்பில் வட்டம் பாடமே நடத்தவில்லை.

"சார் உள்ளதான் இருக்காரு, பென்சில் சீவுற சத்தம் கேக்குது. போய்த் தொந்தரவு பண்ணாதீங்க" என்று காவலாளி எங்களை விரட்டத் தொடங்கினார். அந்தப் பெண் மட்டும் மதிய இடைவேளைதோறும் உள்ளே போனாள், மணி அடித்ததும் வெளியே வந்தாள். நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை, ஐயா. "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்று வியந்து, நன்னடத்தைக் கோப்பையை அவளுக்கே வழங்கினோம். அவள் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டாள். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

தங்கள் இடத்துக்கு வந்த புது ஆலோசகர் அம்மையார் அச்சிட்ட கேள்வித்தாளோடு அவளிடம் பலமுறை தோற்றார். நேற்று அதைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தார். அறையில் பென்சில் உரசும் ஓசை மட்டும் கேட்டதாம். தங்கள் நாற்காலியையே பார்த்திருந்த பெண் மெல்லச் சொன்னாள்: "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு." பிறகு அம்மையார் பக்கம் திரும்பினாள். "மிஸ், இன்னைக்கு என்னை அங்க அனுப்பாதீங்க."

அவர் அனுப்பவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, பெரியம்மா வீட்டில் அவளைச் சேர்த்த பின்பே உட்கார்ந்தார். அதற்காக அறையை விட்டுக் கிளம்புகையில் இருவரும் நிமிர்ந்து பார்த்தபோது சுவரிலிருந்த படத்தில் கண்கள் இருந்தனவாம். வட்டங்கள் அல்ல, கண்கள். அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள்.

"அப்பாடா, சார் வேலை முடிஞ்சுது. ரூம காலி பண்ணிடலாம்" என்று தலைமையாசிரியர் இன்று காலை பூட்டுக்காரரோடு போனார். கதவு திறந்தே இருந்தது. பலகையில் புதுத்தாள், அதில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். தலைமையாசிரியரின் தொப்பை, கணித ஆசிரியரின் சட்டைப்பையில் நாலு பேனா, ஒருவர் பின் ஒருவர் ஒளிந்து நிற்கும் எங்கள் வழக்கம் எல்லாம் அச்சு அசல்! கண்கள் மட்டும் ஒருவருக்கும் இல்லை.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லையே சார்" என்றார் கணித ஆசிரியர், காலி நாற்காலியைப் பார்த்து. உள்ளே யாரோ நிதானமாகப் பென்சில் சீவினார்கள்.

ஓய்வறியாப் பெருந்தகையீர்! நீடூழி வாழ்க என்று எழுதினோம், சங்கடப்பட்டு அடித்தோம், இன்று காலைக்குப் பின் அடித்த கோட்டை அழித்துவிட்டோம். வாழ்க! நாளை மதியம் முதல் ஒவ்வொருவராக வருகிறோம். முதலில் தலைமையாசிரியர், அந்தக் கோப்பையைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டுமாம். ஓய்வு பெறுங்கள், ஐயா. தயவுசெய்து நாங்கள் சொல்லி முடிக்கும்வரை போய்விடாதீர்கள்.

இங்ஙனம்,
இன்னும் கண் வரையப்படாத
ஆசிரியர்கள், அலுவலர்கள்