எண்ணிக்கைக்கு விட்ட இடம்

உங்கள் விசாரணை அறை நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுவலிக்காரனுக்கு இப்படி நிமிர்ந்து உட்காருவதுதான் தோது. இருபத்திரண்டு வருடம் அமைச்சர்களுக்கு அறிக்கை எழுதிச் சம்பாதித்த வலி இது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொய்யை எழுதும் அன்றே, பின்னால் அதை ஒப்புக்கொள்ளும் அறிக்கையையும் எழுதிவிட வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்காது. ‘எனக்கு இப்போது கிடைத்த தகவலின்படி’ என்று முதல் அறிக்கையில் ஒரு கதவைத் திறந்து வைத்தால், மாட்டிக்கொள்ளும்போது அமைச்சர் அந்த வழியாக வெளியே வந்துவிடலாம். கண் கலங்க வேண்டிய இடத்தைக்கூடப் பென்சிலால் குறித்துக் கொடுப்பேன். எங்கள் அமைச்சருக்கு அது மட்டும் லேசில் வராது, மூக்கைத்தான் உறிஞ்சுவார்.

குடிநீர் விஷயத்திலும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்று ஆய்வறிக்கை வந்தபோது தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது. மதியத்துக்குள் இரண்டு அறிக்கையையும் எழுதி முடித்தேன். அமைச்சர் கேமரா முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதில் பாட்டில் தண்ணீரை ஊற்றி வைத்தவன் நான்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். அவள் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான்.

“அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. பாப்பாவுக்குக் குடுக்கலாமா?”

இவளிடம் சொன்னால் பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள். பக்கத்து வீடு தெருவுக்கே சொல்லிவிடும்.

“அமைச்சரே குடிச்சாரேம்மா. டிவியில பாக்கலையா?”

“நீ சொன்னா சரிண்ணா.”

அன்றிலிருந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை, ஐயா. கையைக் கழுவத் தண்ணீரைத் திறந்தாலே அவள் குரல் கேட்கிறது.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் அமைச்சர் தவறை ஒப்புக்கொண்டார். நன்றாகவே வந்தது, கண்கூடக் கலங்கியது. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் அறிக்கை எழுதிய அன்றே இடம் விட்டு வைத்திருந்தேன், இரண்டு இலக்கத்துக்கு. பதினொன்று என்று பேனாவால் நிரப்பிக் கொடுத்தேன். பதினொன்றாவது எங்கள் பாப்பா.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. எழுதிய கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வருகின்றன. நீங்களாவது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா, உங்கள் காலில் விழுகிறேன். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்போது கிடைத்த தகவலின்படிதான் சொன்னேன்.