திருநீற்றுப் பொட்டலத்துக்குத் தலைகொடுத்த மூர்த்தி அண்ணைக்கு

பதினைந்து ஆண்டுகள் எங்கள் விடுதியின் விருந்து மண்டபத்தைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்து, வெண்ணிற விரிப்பில் ஒரு சுருக்கமும் விழவிடாத வித்தகரே! நாடாளும் அமைச்சருக்கும் நாற்காலி துடைக்கும் எங்களுக்கும் ஒரே குரலில் காலை வணக்கம் சொன்ன பண்பாளரே! ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோப் பகுதியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மண்டபத்தின் முதல் விளக்கைப் போடும் மேற்பார்வையாளர் விநாயகமூர்த்தி அவர்களே!

மடல் வாசிப்பவர்கள் மகிழ்ச்சியோடு வாசிப்பதாகச் சொல்வது வழக்கம். எங்களுக்கோ பயம். முன்வரிசையில் பொது மேலாளர் இருக்கிறார். வரவேற்பு மேசை நிருஜா ஒவ்வொரு வரியையும் அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆயினும் வாசிக்கிறோம்.

மேசை அடுக்குவதில் உங்களுக்கு நிகர் நீங்களே! ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, கண்ணாடிக் குவளைகளை அந்த நூலில் நிறுத்துவீர்கள். செப்டெம்பரில் நேச நாடுகளின் அமைச்சர்கள் எங்கள் மண்டபத்தில் கூடுகிறார்கள் என்றதும், நாற்காலிகளுக்கும் நூல் பிடித்தீர்கள். "ஒரு நாட்டுக்கு ஒரு அங்குலம் கூடினாலும் சண்டை வந்திடும், பிறகு சமாதானம் ஆர் பேசுறது?" என்று சிரித்தீர்கள். ஓய்வுக்கு முன் உங்கள் கடைசிப் பெரிய மேசை அது.

எரிந்துகொண்டிருந்த கிழக்குத் திமோருக்குப் படை அனுப்புவதா என்று பேசவே அவர்கள் கூடினார்கள். அந்தச் செய்தி எங்களுள் ஒருத்திக்குத் தன் ஊரை நினைவூட்டியது. அவளுடைய தம்பி போர் நடக்கும் வன்னியில். நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. எங்கள் சனத்துக்காக யாரும் மேசை போடவில்லை, இந்தச் சனத்துக்காவது நல்ல முடிவு வரட்டும் என்று நேர்ந்து, கோயில் திருநீற்றைப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் துண்டில் மடித்து, பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். நல்ல காரியத்துக்குத் திருநீறு வைப்பது நமக்குப் பழக்கம். அதைக் கண்டெடுத்த பாதுகாப்பு அதிகாரிகளுக்கோ அது பொடி நிறைந்த மர்மப் பொட்டலம்! அதைச் சுற்றியிருந்த தாளிலோ ஒரு போர்ப் படம்!

கூட்ட நாளன்று காலை எட்டு மணிக்கு மண்டபத்தைப் பூட்டினார்கள். தமிழ்ப் பெயருள்ள அனைவரையும் சலவைக்கூடச் சுவரோரம் நிறுத்தினார்கள். துணி உலர்த்தும் யந்திரங்களையும் நிறுத்திவிட்டதால், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது. அவளுக்கு அகதி விண்ணப்ப நேர்முகம் அடுத்த கிழமை. பெயர் ஒருமுறை பொலீஸ் தாளில் ஏறினால் திரும்ப அனுப்பிவிடுவார்கள் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, நீங்கள்தான் முன்னே வந்தீர்கள்.

"அது என்ரை. கோயில் திருநீறு" என்று அவர்கள் மொழியில் அமைதியாகச் சொன்னீர்கள்.

நம்பவில்லை. பொட்டலத்தை வாங்கி நெற்றியில் மூன்று விரலால் பூசினீர்கள். ஒரு சிட்டிகையை நாக்கிலும் இட்டீர்கள். நீங்கள் சுருண்டு விழுவீர்களா என்று பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து நின்றார்கள். விழவில்லை. நெருப்பை விழுங்கியவர்போல் நின்ற நெஞ்சுரமே! கழுத்திலிருந்த அனுமதி அட்டையைக் கழற்றிக்கொண்டு உங்களை வெளியே அனுப்பினார்கள். போகிற போக்கில் அவள் பக்கம் குனிந்து, "வாயைத் திறக்காதேயும் பிள்ளை. உமக்கு நேர்முகம் கிடக்கு, எனக்குப் பென்ஷன்தானே கிடக்கு" என்றீர்கள்.

நீங்கள் நூல் பிடித்த மேசையில் நாடுகள் அமர்ந்தன. நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஓய்வு பெறுவோருக்கு விடுதி வைக்கும் விருந்து உங்களுக்கு இல்லையென்றார்கள். அதனால்தான் இந்த மார்கழியில், பணியாளர் உணவறையில், நாங்களே வடை சுட்டு உங்களுக்கு விழா எடுக்கிறோம்.

ஐயா, மூன்று மாதமாக அவள் சோறு தின்னவில்லை, பயத்தைத் தின்றாள். நேர்முகம் முடிந்தது, முடிவு இன்னும் வரவில்லை. தபால்பெட்டியைத் திறக்க ஒவ்வொரு நாளும் பயமாக இருக்கிறது. ஆனால் குற்றம் செய்யாத மனிதர் தலை குனிந்து வாசல் தாண்டுவதைப் பார்ப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

நிருஜா, இந்த வரியை விடாமல், ஒன்றையும் மென்மையாக்காமல் மேலாளருக்குச் சொல்லும்: அந்தப் பொட்டலத்தை வைத்தவர் விநாயகமூர்த்தி அல்ல. வைத்தவள் இந்த மடலை எழுதி, இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் நான்.

அண்ணை, உங்கள் சொல்லை இன்றுதான் முதன்முதலாகத் தட்டுகிறேன். மன்னியுங்கள். இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுவிட்டோம், இனி ஒரு வரியையும் அழிக்க முடியாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். நெற்றியில் நீறும் நிமிர்ந்த தலையுமாக, நோய் நொடி அண்டாமல், நூறாண்டு இருங்கள்!

என்றும் உங்கள் அன்பை மறவாத,
விருந்து மண்டப, சலவைக்கூடப் பணியாளர்கள்,
ஆக்லாந்து, மார்கழி 1999.

எல்லோருக்கும் முதலில், தன் முழுப் பெயரோடு,
சாந்தகுமாரி கதிர்காமநாதன்