பதினாலு நாடா

சிவாஜினி: அந்தப் பதினாலு ஒலிநாடாவையும் திருப்பித் தாங்கோ, ஐயா.

குணரத்தினம்: ஆரிட்டக் கேக்கிறீர், பிள்ளை?

சிவாஜினி: உங்களிட்டத்தான் கேக்கிறன்.

குணரத்தினம்: ஜெமீலா, இந்தப் பிள்ளைக்கு நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையா?

ஜெமீலா: வந்த முதல் நாளே சொன்னேன். இந்த ரேடியோவில ஆரிட்ட வேணுமெண்டாலும் எடுத்த நாடாவைக் கேளு, முகாமையாளரிட்டயும் கேளு, குணரத்தினம் ஐயாட்ட மட்டும் கேட்டிராதே எண்டு... படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

சிவாஜினி: சொன்னீங்கள் மிஸ். ஏனெண்டு சொல்லேல்லை.

குணரத்தினம்: பிள்ளை, நான் இந்த வானொலியில முப்பத்திநாலு வருசமா காலை வணக்கம் சொல்லுறவன். நீர் வந்து எத்தினை நாள்?

சிவாஜினி: அஞ்சு மாசம். தற்காலிகம். நாடா உங்களிட்டப் போய் இருவத்தியொரு வருசம்.

குணரத்தினம்: இருவத்தியொண்டா... நாள் போறதே தெரியேல்லைப் பாரும். ஒரு தேத்தண்ணி குடிப்பமா?

சிவாஜினி: பன்ரண்டு மணிக்கு நாடா ஏத்திற வான் வெளிக்கிடுது ஐயா. கீழ வாசல்ல நிக்குது. இங்க இருக்கிற நாடா முழுக்க கொழும்புக்குப் போய் கொம்பியூட்டரில ஏறப் போகுது. இந்த வானோட போகாதது பிறகு போகாது. உங்கட அலுமாரியில கிடந்து பூஞ்சணம் பிடிச்சுச் சாகும்.

ஜெமீலா: கொஞ்சம் மெல்லமாக் கதை புள்ள. பக்கத்து அறையில மரண அறிவித்தல் வாசிக்கிறாங்க.

குணரத்தினம்: அதுகள் என்ர பாதுகாப்பில கிடக்கு. பாதுகாப்பு எண்டால் என்னெண்டு தெரியுமோ? அந்தச் சுவரைப் பாரும். என்ன எழுதிக் கிடக்கு?

சிவாஜினி: "ஆழிப்பேரலையின்போது தன் உயிரையும் பொருட்படுத்தாது ஒலிநாடாக்களைக் காத்த அறிவிப்பாளருக்கு." கிழமைக்கு ரெண்டு தரம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறது நான்தான்.

குணரத்தினம்: துடைக்கிற ஆளுக்கு அர்த்தமும் விளங்கவேணும். அப்ப இந்த நாடா நூலகம் கீழ் மாடியில. கடல் உள்ளுக்க வந்திட்டுது. நெஞ்சளவு தண்ணி. நான் பதினாலு பெட்டியையும் தலையில...

சிவாஜினி: போன டிசம்பரில கழுத்தளவு எண்டு சொன்னீங்கள்.

ஜெமீலா: சிவாஜினி.

சிவாஜினி: ஒலிபரப்பில சொன்னவர் மிஸ். பதிவு எங்களிட்ட இருக்கு. நாலாம் அலுமாரி, ரெண்டாம் தட்டு. எடுத்துப் போடட்டா?

குணரத்தினம்: வேண்டாம்.

ஜெமீலா: இருங்க, போன் அடிக்கிது... ஹலோ, நூலகம். ஆ, ராகுலன். நாடகத்துக்கு என்ன வேணும்? ஆட்டுச் சத்தமா? எத்தின ஆடு? ஒண்டு எண்டா மூணாம் தட்டு, மந்தை எண்டா கொஞ்சம் தேடவேணும். பிறகு? கடல் சத்தமும் வேணுமா... தம்பி, நீ இருக்கிறது துறைமுகத்துக்குப் பக்கத்தில. சன்னலைத் திறந்து மைக்கை வெளியில நீட்டு. வை.

குணரத்தினம்: பாத்தீரா, எவ்வளவு வேலை கிடக்கு. போய் ஆட்டைத் தேடும்.

சிவாஜினி: ஆடு எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியும். நாடாதான் வேணும்.

ஜெமீலா: புள்ள, நான் ஒரு வழி சொன்னேன்தானே. கொழும்புக்கு அனுப்புற படிவத்தில அந்தப் பதினாலுக்கும் நேரே "வெள்ளத்தில் சேதமடைந்தது" எண்டு எழுது. கீழ ஒரு கையெழுத்து. முடிஞ்சுது.

சிவாஜினி: வருசா வருசம் டிசம்பரில ஐயா ரேடியோவில வந்து காப்பாத்தினதெண்டு சொல்லுறார். நான் படிவத்தில அழிஞ்சதெண்டு எழுதவேணும். ஒண்டில் அது, ஒண்டில் இது. ரெண்டும் ஒரே தண்ணியில நடக்க ஏலாது.

ஜெமீலா: கொழும்பில இப்ப இருக்கிற பொடியன்மாருக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது.

சிவாஜினி: எனக்குத் தெரியுமே.

ஜெமீலா: உன்ட நிரந்தரக் கடிதம் என்ட மேசை லாச்சியில இரிக்கி. நான் சிபாரிசு எழுதினாத்தான் மேல போகும். அதையும் நினைச்சுக்கொண்டு கதை.

சிவாஜினி: நினைச்சுக்கொண்டுதான் கதைக்கிறன். எங்கட வீட்டில கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். கடிதம் வந்தால் அப்பா சம்பூர் முழுக்கச் சைக்கிளில கொண்டுபோய்க் காட்டுவார். அதுக்காண்டிப் பொய்யில கையெழுத்து வைக்கமாட்டன்.

குணரத்தினம்: பொய்யா? ஆர் பொய் சொன்னது?

சிவாஜினி: அப்ப ஒரு கேள்வி ஐயா. கடல் வந்தது என்ன கிழமை?

குணரத்தினம்: டிசம்பர் இருவத்தாறு. உலகத்துக்கே தெரியும்.

சிவாஜினி: கிழமை.

குணரத்தினம்: ...ஞாயிறு.

சிவாஜினி: ஞாயிறு. அதோட போயா லீவு. நூலகம் பூட்டு. சாவி மிஸ்ஸிட்ட. மிஸ் கிண்ணியாவில. அந்த நேரம் கிண்ணியாவுக்குப் பாலமும் இல்லை. நீங்கள் எப்பிடி உள்ளுக்க போனீங்கள்?

குணரத்தினம்: கதவை உடைச்சனான்.

சிவாஜினி: நூலகம் மேல வரேக்க கதவையும் கழட்டிக்கொண்டு வந்தவை. அதே கதவுதான் இந்தா நிக்குது. அதே பூட்டு.

குணரத்தினம்: ...திருத்தியிருப்பினம்.

சிவாஜினி: ஒரு கீறல் காட்டுங்கோ.

குணரத்தினம்: ஜெமீலா, நீங்கள் ஏன் சிரிக்கிறீங்கள்?

ஜெமீலா: இல்ல... நான் ஆட்டை நினைச்சேன்.

சிவாஜினி: எங்கட வழமை என்ன மிஸ்? நாடா வெளியில போகேக்க பெட்டி மூடிக்குள்ள ஒரு திகதிச் சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி, குடுத்த ஆள் பக்கத்தில ஒரு எழுத்துப் போடுவார். என்ன?

ஜெமீலா: ...ஓம்.

சிவாஜினி: கடலுக்க இருந்து தூக்கிக்கொண்டு ஓடின பெட்டி எண்டால் சீட்டில ஒண்டும் இருக்காது. அப்பிடித்தானே ஐயா?

குணரத்தினம்: சீட்டை மான் திண்டிட்டுது.

சிவாஜினி: என்ன?

குணரத்தினம்: பஸ் நிலையத்தடியில டவுனுக்க திரியுமே, அந்த மான். பையைக் கீழ வைச்சிட்டு ஒரு சுருட்டுப் பத்த வைச்சனான். பாக்கிறன், மெண்டுகொண்டு நிக்குது. அதுகள் கடதாசி திண்ணும், உமக்குத் தெரியாதோ?

சிவாஜினி: பதினாலு பெட்டியையும் திறந்து, சீட்டைத் திண்டிட்டு, திருப்பி மூடி வைச்சதோ?

ஜெமீலா: ஐயா, போதும். மானையும் சேத்துக் கேவலப்படுத்தாதீங்க.

குணரத்தினம்: ...உமக்கேன் பிள்ளை இதில இவ்வளவு கோவம்? கொழும்பான் கேக்கிறான், குடுத்தால் குடு, இல்லாட்டில் விடு.

சிவாஜினி: அதில ஒன்பதாவது நாடா சம்பூர். நீங்கள்தான் மைக்கோட போனீங்கள். எங்கட வீட்டு வாசலுக்கு. எனக்கு அப்ப நாலு வயசு. ரெண்டாயிரத்தாறில ஊரைவிட்டு வெளிக்கிட்டம். பத்து வருசம் கழிச்சுப் போய்ப் பாத்தால், வீடு இல்லை, படம் இல்லை, கிணத்துக்கட்டு மட்டும் நிக்குது. அந்த வீட்டின்ர சத்தம் உங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு.

குணரத்தினம்: சம்பூரோ?

சிவாஜினி: அதோட வீட்டில ஒரு வழக்கும் கிடக்கு. அந்த நாடாவில அம்மா ஆருக்கோ ஏசுறாவாம். விளக்குமாறு காட்டினவ எண்டு அப்பா. நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யமாட்டன் எண்டு அம்மா. இருவத்தியொரு வருசமாத் தீராத வழக்கு.

குணரத்தினம்: பொறும்... நெல்லுக் காயப்போட்ட வீடா? வாசல்ல முருங்கை?

சிவாஜினி: ஓம்.

குணரத்தினம்: அது உம்மட அம்மாவா?

சிவாஜினி: ஓம்.

குணரத்தினம்: ஐயோ... அதுதானே பாத்தனான். அதே முழிசல்தான் உமக்கும்.

ஜெமீலா: என்னத்துக்கு ஏசினாவாம்?

குணரத்தினம்: அது... சும்மா. மைக்கைக் கண்டு பயந்திட்டா போல.

சிவாஜினி: அம்மா பயந்ததை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

ஜெமீலா: ஐயா, சொல்லிருவமா?

குணரத்தினம்: எதை?

ஜெமீலா: எதையெண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கும் ரெண்டு வருசத்தில பென்சன். சொல்லாமப் போனா அங்க வீட்டிலயும் இதுதான் மண்டைக்குள்ள நிக்கும்.

குணரத்தினம்: ...சரி. பிள்ளை, நான் தண்ணிக்க இறங்கேல்லை. உவர்மலையில வீட்டு மொட்டை மாடியில நிண்டனான். நாடா பதினாலும் வீட்டில கட்டிலுக்குக் கீழ கிடந்தது. நவம்பர் பன்ரண்டாம் திகதி எடுத்தனான். ஒரு கிழமைத் தவணை.

சிவாஜினி: தவணை கடந்த நாடா.

குணரத்தினம்: ஓம். பஞ்சியில திருப்பிக் குடுக்காமல் கிடந்தது. அதாலை தப்பிச்சுது. கடல் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு சைக்கிளில கட்டி, திருப்பிக் குடுப்பமெண்டுதான் கொண்டுவந்தனான். எங்கட மேலதிகாரி, பெரியவர், கொழும்பில இருந்து வந்து வாசல்ல நிக்கிறார்.

ஜெமீலா: மிச்சத்தை நான் சொல்லுறேன். கடல் வந்த பிறகு நான் அண்டைக்குத்தான் திரும்ப வேலைக்கு வந்தேன். எங்கட ஊரில அதுவரைக்கும் மையத்து அடக்கிறதுதான் வேலை... அதை விடு. பெரியவர் கேட்டார், மற்றதெல்லாம் ஊறிப் போய்க் கிடக்கு, இது மட்டும் எப்பிடிக் காஞ்சிரிக்கி? ஒராளுக்கு ரெண்டு நாடாக்கு மேல குடுக்கப்படாது எண்டு சட்டம். நான் பதினாலு குடுத்திரிக்கேன். வேலை போயிரும் எண்டு பயம். வாயில வந்ததைச் சொன்னேன். "ஐயாதான் சேர், தலையில சுமந்து காப்பாத்தினார்."

குணரத்தினம்: நான் திரும்பிப் பாத்தனான், ஆரப்பா அந்த ஐயா எண்டு.

சிவாஜினி: இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே.

குணரத்தினம்: சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள கையைப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டார். மற்றக் கிழமை பேப்பரில படம். பிறகு சுவரில கண்ணாடி. மூடிக்குள்ள நவம்பர் பன்ரண்டு எண்டு முத்திரை கிடக்கேக்க எப்பிடித் தட்டில கொண்டுபோய் அடுக்கிறது, சொல்லும்? வீட்டிலேயே வைச்சிட்டன்.

சிவாஜினி: சீட்டை உரிச்சிருக்கலாமே.

குணரத்தினம்: மூண்டு தரம் வெளிக்கிட்டனான். கை வரேல்லை.

சிவாஜினி: அந்தமட்டில் சந்தோசம்.

குணரத்தினம்: என்ன, திட்டி முடிஞ்சுதோ?

சிவாஜினி: இல்லை. கடல் கொண்டுபோன ஆக்களின்ர பேரைச் சொல்லி இருவத்தியொரு வருசம் கைதட்டு வாங்கினீங்கள். அதை நான் பகிடி எண்டு விடமாட்டன்.

குணரத்தினம்: ...ஓம். விடாதையும்.

ஜெமீலா: போன்... ராகுலன், ஆடு வருது தம்பி, ஆடு வருது. என்ன, கடல் சத்தத்துக்குள்ள ஓட்டோ ஹோர்ன் கேக்கிதா? அப்ப உன்ட கதையில ஒரு ஓட்டோவைச் சேரு. வை.

குணரத்தினம்: சரி பிள்ளை. இப்ப என்ன செய்யிறது? வீட்டை போய் எடுத்துக்கொண்டு வர, பன்ரண்டு தாண்டிடும். மனிசியிட்டத்தான் அலுமாரிச் சாவி. அவவும் கோயிலுக்குப் போயிருப்பா. நீர் படிவத்தில ஏதாவது எழுதும்.

சிவாஜினி: எழுதியாச்சு.

ஜெமீலா: எழுதியாச்சா? எப்ப?

சிவாஜினி: காலமை. பதினாலுக்கும் நேரே, "12.11.2004 இரவல். தவணை கடந்து திரும்பியது."

ஜெமீலா: பென்சிலாலதானே?

சிவாஜினி: பேனையால. கையெழுத்தும் வைச்சு முத்திரையும் குத்தியாச்சு.

ஜெமீலா: குடுத்த ஆள் எண்டு ஒரு கட்டம் இரிக்குமே...

சிவாஜினி: உங்கட பேர்தான் மிஸ். முழுப் பேர்.

ஜெமீலா: ...வடிவான எழுத்திலயா?

சிவாஜினி: ஓம்.

ஜெமீலா: சரி, போகட்டும். அல்லாஹ் பாத்துக்குவான். பென்சனுக்குப் போறவள என்ன செய்யப் போறானுகள்.

சிவாஜினி: என்ர கடிதத்தைக் கிழிக்கிறதெண்டால் கிழியுங்கோ மிஸ். நான் வழக்குக்கு வரமாட்டன்.

ஜெமீலா: எந்தக் கடிதம்? அது போன கிழமையே சிபாரிசோட கொழும்புக்குப் போயிட்டு. லாச்சியில கிடக்கிறது என்ட புளிப்புத் தோடம்பழம்.

சிவாஜினி: மிஸ்...

ஜெமீலா: முறைக்காதே. நீ மட்டும்தான் ஒளிச்சு வைப்பியா?

குணரத்தினம்: கொஞ்சம் நில்லுங்கோ ரெண்டு பேரும். "திரும்பியது" எண்டு எழுதியிருக்கிறீர். திரும்பேல்லையே. அதுவும் பொய்தானே, பொய்யில கையெழுத்து வைக்காத பிள்ளை?

சிவாஜினி: வான்காரர் கூப்பிடுறார். நான் வெளிக்கிடுறன்.

குணரத்தினம்: நீர் எங்க?

சிவாஜினி: நாடாக்களோட கொழும்புக்கு. அங்க ஒவ்வொண்டும் ஓடி முடியும்வரை பக்கத்தில இருப்பன். மூண்டு நாள் லீவு போட்டாச்சு. மிஸ், ஆடு மேசையில எடுத்து வைச்சிருக்கிறன். ஒண்டும் இருக்கு, மந்தையும் இருக்கு.

குணரத்தினம்: பிள்ளை, கேட்டதுக்கு மறுமொழி சொல்லிட்டுப் போம். என்ர பதினாலும்...

சிவாஜினி: காலமை ஆறரைக்கு நீங்கள் இங்க "காலை வணக்கம்" சொல்லிக்கொண்டிருக்கேக்க உங்கட வீட்டுக்குப் போனனான் ஐயா. அன்ரி ஒரு கேள்வி கேக்கேல்லை. "எப்பவடா ஆராவது வந்து இதைக் கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்" எண்டு சொல்லி, தேத்தண்ணியும் தந்து, ஓட்டோவில ஏத்தி விட்டவ. பதினாலும் கீழ வானுக்குள்ள.

குணரத்தினம்: ...அப்ப என்னத்துக்கு வந்து என்னட்டைக் கேட்டனீர்?

சிவாஜினி: எடுத்த ஆள் நீங்கள். உங்கட வாயால வரட்டும் எண்டு.

ஜெமீலா: அதுதான் காலையில வரக்குள்ள நாடா மெசின் சூடா இருந்திச்சா...

குணரத்தினம்: ஒன்பதாவதைக் கேட்டனீரோ?

சிவாஜினி: மூண்டு தரம்.

குணரத்தினம்: விளக்குமாறு...?

சிவாஜினி: விளக்குமாறு நாடாவில விழாது ஐயா, அந்த வழக்கு நடக்கட்டும். ஆனா நீங்கள் மெசினை வைக்க எங்கட கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் பக்கத்து வளவில விட்டிட்டு வந்ததுக்கு, அம்மா படலையடியில நிண்டு ஏசினது தெளிவா விழுந்திருக்கு. "தம்பி, எடுத்ததை முதல்ல எடுத்த இடத்தில கொண்டுவந்து வை. பிறகு கதை." வாறன் மிஸ். வாறன் ஐயா.