பதினேழாம் இலக்கத்துக்குப் போட்ட சரி

பொலிஸ் நிலையம், சிறு முறைப்பாட்டுப் பிரிவு. 2026.04.06, முற்பகல் 10.20 மணி. கூறுபவரின் விருப்பப்படி தமிழில் பதியப்படுகிறது.

பெயர்: சின்னத்தம்பி அம்பிகைபாகன். வயது: 72. தொழில்: நில அளவைத் திணைக்களத்தில் ஓய்வுபெற்ற படவரைஞர். முகவரி: ஹந்தானை வீதி, கண்டி. மேற்படி நான் கூறுவதாவது:

நான் பிறந்தது சுன்னாகத்தில். 1979ஆம் ஆண்டு வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்து, அன்று முதல் இங்கேயே இருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடங்கள். என்னுடன் ஒரே மகள் மதனி, வயது 38, வசிக்கிறார். அவர் புசல்லாவையில் மருந்தாளராகப் பணிபுரிகிறார். கடந்த 3ஆம் திகதி, மாத்தளை வீதியிலுள்ள தனது வாகன விற்பனை நிலையத்துக்குள் நான் அத்துமீறி நுழைந்து, காருக்குள் இருந்த பூசைப் பொருட்களை அவமதித்து, விரிப்பைச் சேதப்படுத்தி, வாங்க வந்த ஒருவரைத் துரத்திவிட்டதாக அதன் உரிமையாளர் தனபாலன் செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அதில் எது சரி, எது பிழை என்பதை நடந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். ஒழுங்கு தவறினால் எனக்குப் பேச வராது.

மகளுக்குச் சென்ற ஆண்டு முதுகெலும்பில் தட்டு விலகியது. பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்யக் கூடாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். புசல்லாவைக்கு ஒரு வழிக்கு நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல், அதில் பாதி ஏற்றம். காலை ஐந்தரை மணிப் பேருந்தில் இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆகவே எங்கள் சக்திக்கு உட்பட்ட, பெற்றோல் குறைவாகக் குடிக்கும் பழைய கார் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தோம். தெரிவு செய்யும் பொறுப்பை நான் ஏற்றேன். யாரும் என் மீது சுமத்தவில்லை.

அதற்கென்று ஒரு கொப்பி வாங்கி, ஐந்து வாரத்தில் ஒன்பது கார்களைப் பார்த்தேன். மிகச் சிறிய என்ஜின் நகரத்துக்குச் சிக்கனம் என்றாலும் ஏற்றத்தில் திணறி அதிகம் குடிக்கும் என்றும், ஹைபிரிட் வாகனம் சிக்கனம் என்றாலும் அதன் பெரிய பற்றரி பழுதானால் எங்களால் மாற்ற முடியாது என்றும் குறித்துக்கொண்டேன். ஆயிரம் சீசீ கார், லீற்றருக்குப் பதினெட்டு கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடினால் போதும் என்ற முடிவுக்கு வந்தேன். அதன் பின்னர் ஒவ்வொரு காரிலும் பார்க்க வேண்டிய இருபத்து மூன்று விடயங்களை இலக்கமிட்டு எழுதினேன். பதினேழாம் இலக்கம், விரிப்பைத் தூக்கி அடியில் கையால் தொட்டு மணந்து பார்த்தல். பதினெட்டாம் இலக்கம், ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தல். கடந்த நவம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவி விற்கப்படுவதாகக் கேள்விப்பட்டதால் இந்த இரண்டையும் சேர்த்தேன்.

பத்தாவது காரைப் பார்க்கப் பெப்ரவரி 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, தனபாலனிடம் போனேன். அவர் நெற்றி நிறைய விபூதியுடன், “வாங்கய்யா, வாங்க, நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க” என்று கதிரை போட்டார். கார் வெள்ளை நிறம், ஆயிரம் சீசீ. காருக்குள் முன்பக்க விரிப்பின் மீது சிவப்புப் பட்டுத் துணி விரித்து, அதன் மேல் பித்தளைத் தட்டில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. முன்னால் சிறு பிள்ளையார், செவ்வரத்தம் பூ. கார் முழுவதும் சாம்பிராணி வாசம். மற்ற ஒன்பது இடங்களிலும் பிளாஸ்டிக் வாசனைப் போத்தல் தொங்கவிட்டிருந்தார்கள், இங்கே இப்படி. என் மனம் அங்கேயே இளகியது. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே ஏறினேன்.

பதினாறு வரை முறையாகப் பார்த்தேன். பேராதனை வரை ஓட்டியும் பார்த்தோம். அதன் பின்னர் நான் விரிப்பில் கை வைத்தபோது தனபாலன் குரலைத் தாழ்த்தி, “வெள்ளிக்கிழம பூச ஐயா. சாமி இருக்கிற விரிப்பக் கெளப்பலாமா? நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார். நான் வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டேன். ஆசனப் பட்டியில் மஞ்சள் பூசிய காப்பு நூல் கட்டியிருந்தது. அந்த முடிச்சால் பட்டி பாதிக்கு மேல் வெளியே வரவில்லை. கட்டிய காப்பை அவிழ்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதையும் விட்டேன்.

இதைச் சொல்வது எனக்குக் கடினம், ஆனால் சொல்லாமல் விட்டால் மற்றவை எல்லாம் பொய்யாகிவிடும். வீட்டுக்கு வந்து கொப்பியில் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நேரே சரி போட்டேன். கட்டம் வெறுமையாக இருப்பது கண்ணை உறுத்தியது. பதிவுச் சான்றிதழில் முந்தைய உரிமையாளரின் முகவரி களனி ஆற்றை ஒட்டிய இடம் என்பதையும் வாசித்தேன். முப்பத்தைந்து வருடம் ஆறுகளை வரைந்தவன். வாசித்தும் யோசிக்கவில்லை.

பெப்ரவரி 18ஆம் திகதி காரை எடுத்தோம். மகள் பதினொரு வேலை நாட்கள் அதில் போய் வந்தார். பட்டி உரசும் இடத்தில், கழுத்தோரம், தடிப்புத் தடிப்பாகச் சிவந்தது. புதிய சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான் பழைய சவர்க்காரம் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 9ஆம் திகதி, மழை. கம்பளை தாண்டி ஏற்ற வளைவு ஒன்றில் விளக்குகள் எல்லாம் ஒருமித்து எரிந்து என்ஜின் நின்றது, சுக்கான் திருப்ப முடியாமல் இறுகியது, கார் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழம் இடைவெளியில் நின்றதாகவும், நடத்துனரும் பயணிகளும் இறங்கிக் காரைத் தள்ளி ஓரமாக்கியதாகவும் மகள் தொலைபேசியில் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குடையின்றி மதில் ஓரமாக நின்றார். அழவில்லை. “அப்பா, நீங்கள் எல்லாம் பாத்துத்தானே வாங்கினனீங்கள்?” என்று கேட்டார். நான் “ஓம்” என்றேன்.

மறுநாள் கார் அக்குறணையில் மின்வேலை செய்யும் ரஸீன் என்பவரின் கராஜுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அவர் நோன்பு பிடித்திருந்தார். விரிப்பின் திருகுகளைக் கழற்றித் தூக்கியதும் தோளிலிருந்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டார். அடியிலிருந்த பஞ்சு சாம்பல் நிறத்தில் சொதசொதத்துக் கிடந்தது. அவர் அழுத்தியபோது கறுப்பு நீர் கசிந்தது. அது ஆற்று மணம் அல்ல, மலக்குழி மணம். ஒரு மூலையில் உமியும், தலைமயிரும், செத்துக் காய்ந்த மண்புழுக்களும் சேற்றோடு அப்பியிருந்தன. அதன் பின்னர் அவர் காப்பு நூலை அறுத்து, ஆசனப் பட்டியை முழுவதுமாக இழுத்தார். மேல் பாதி சுத்தம். அதற்குக் கீழே ஒரு மண்ணிறக் கோடு, கோட்டுக்குக் கீழே வழவழப்பான கறை.

“இது வெள்ளத்துல குளிச்ச வாகனம் ஐயா. கழுத்து மட்டத்துக்குக் குளிச்சிருக்கு. நோன்போட இந்த நாத்தத்தக் குடிக்க வச்சிட்டீங்களே” என்றார் ரஸீன். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். பட்டியை நெஞ்சில் போட்டுக்கொண்டு பதினொரு நாள் என் மகள் போய் வந்தது நினைவுக்கு வந்தது.

மார்ச் 12ஆம் திகதி தனபாலனிடம் போனேன். பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், இரண்டாம் வசனத்துக்கு மேல் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார். காரைத் திருப்பித் தரலாம் என்றும், கொடுத்த பணம் முழுவதையும் தருவதாகவும், தான் சொல்வது போல் ஒரு கடிதம் மட்டும் எழுதித் தரும்படியும் கேட்டார். “மேற்படி வாகனத்தில் எவ்விதக் குறைபாடும் இல்லை. எனது சொந்தக் காரணங்களினால் திருப்பி ஒப்படைக்கிறேன்” என்று என் கைப்படவே எழுதினேன். அவர் சொன்ன வசனத்தில் இருந்த ஒரு பிழையைத் திருத்தியும் கொடுத்தேன். கீழே என் பெயர், ஓய்வுபெற்ற பதவி, கையெழுத்து. வழக்குக்கு அலைய எனக்குத் தைரியம் இல்லை. பணம் வந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் அன்றே பணத்தைத் தந்து, காரை ரஸீனின் கராஜிலிருந்து எடுப்பித்துக்கொண்டார். வரும் வழியில் மூன்று தடவை கை கழுவினேன். மகள் மறுபடியும் ஐந்தரை மணிப் பேருந்தில் போகத் தொடங்கினார்.

ஏப்ரல் 3ஆம் திகதி, பெரிய வெள்ளி விடுமுறை. வேறொரு கார் பார்ப்பதற்காக அக்குறணைப் பேருந்தில் போனேன். தனபாலனின் நிலையத்துக்கு எதிரே பேருந்து நெரிசலில் நின்றது. அதே வெள்ளைக் கார் முன்வரிசையில் நின்றது. கதவு திறந்திருந்தது, உள்ளிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. பக்கத்தில் ஒரு பெண் நின்றார். நான் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. வாசலைத் தாண்டி மேலும் கீழும் மூன்று முறை நடந்தேன். பின்னர் உள்ளே போனேன். வாசற்கதவு திறந்திருந்தது, காவலாளி தடுக்கவில்லை. எனவே அத்துமீறி நுழைந்தேன் என்பது சரியல்ல.

அந்தப் பெண்ணின் பெயர் மஸாஹிரா என்று பின்னர் அறிந்தேன். அக்குறணையிலிருந்து பேராதனைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர். பின் ஆசனத்தில் குழந்தையின் இருக்கையைப் பொருத்த முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தனபாலன் தாராளமாகப் பொருத்தலாம் என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை அவர் கையில் கொடுத்தார். முந்தி எடுத்தவர் அரசாங்க உத்தியோகத்தர், படித்த மனிதர், அவரே எழுதிக் கொடுத்தது என்றார். அது என் கடிதம். தூரத்திலிருந்தே என் எழுத்தை அடையாளம் கண்டேன். சேறு படிந்த விரிப்பைப் பார்த்தபோது வந்த அருவருப்பை விட இது அதிகமாக இருந்தது. அவ்வளவு சுத்தமான எழுத்து.

நான் பக்கத்தில் போய் நின்றேன். தனபாலன் என்னைக் கண்டதும் சிரித்து, “பாருங்க, ஐயாவே வந்துட்டாரு. நீங்களே கேட்டுக்குங்க” என்றார். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் நம்பினார். அவர் கணிப்பு பிழையென்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் தாளைக் காட்டி, “அங்கிள், இது ஒங்கட கையெழுத்தா?” என்று கேட்டார்.

“ஓம். கையெழுத்து என்ரை. எழுதியிருக்கிறது பொய்” என்றேன்.

தனபாலனின் சிரிப்பு நின்றது. ஐயாவுக்கு வயது போய்விட்டது, நினைவு தடுமாறுகிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். நான் செருப்பைக் கழற்றினேன். கைக்குட்டையை விரித்து, பிள்ளையாரை இரு கைகளாலும் எடுத்து அதன் மேல் வைத்தேன். பூவையும் வைத்தேன். அதன் பின்னர் தூபக்கால் தட்டைத் தூக்கியபோது தட்டு சரிந்து ஒரு தணல் விழுந்து, விரிப்பில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கருகியது. இது உண்மை. அதற்கான நட்டத்தைக் கட்டத் தயாராக இருக்கிறேன். பூசைப் பொருட்களை அவமதித்தேன் என்பது உண்மையல்ல. அவற்றை அந்த நாற்றத்தின் மேல் வைத்தவர் நான் அல்ல.

தனபாலன் என் தோளைப் பிடித்து இழுத்தார். “கைய எடுங்கய்யா, சாமி குத்தம் வந்து சேரும்” என்றார். நான் பதினேழாம் இலக்கத்தைச் செய்தேன். விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். புதுப் பஞ்சு வைத்திருந்தார்கள். அதன் அடியில் அதே சேறு. சாம்பிராணிப் புகையையும் மீறி மணம் மேலே வந்தது. அதன் பின்னர் பதினெட்டாம் இலக்கம். புதுக் காப்பு நூல் கட்டியிருந்தது, என் விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. அந்தப் பெண் குனிந்து, தன் நகத்தால் அவிழ்த்து, பட்டியைத் தானே கடைசி வரை இழுத்தார். கோட்டைப் பார்த்தார். விரலை மணந்து பார்த்தார்.

“இதுலயா என்ட புள்ளய வைக்கச் சொன்னீங்க?” என்று தனபாலனிடம் கேட்டார். குரல் உயரவில்லை. கடிதத்தை என் கையில் தந்துவிட்டு வீதிக்குப் போய்விட்டார். நான் அவரைத் துரத்தவில்லை. அந்தக் கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

அன்று மாலை கொப்பியை மகளிடம் கொடுத்து, அந்த இரண்டு சரிகளும் பார்க்காமல் போட்டவை என்று சொன்னேன். அவர் கடைசி இலக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தார். “மற்ற இருவத்தொண்டும் பாத்தனீங்கள்தானே?” என்றார். ஓம் என்றேன். “அப்ப அடுத்த காருக்கு நானும் வாறன்” என்றார்.

குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது குறை சொல்வது ஏன் என்று தாங்கள் கேட்டீர்கள். பயத்தினாலும், பணம் திரும்ப வேண்டும் என்பதற்காகவும் பொய் எழுதினேன். அதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். அதிலும் என் கையெழுத்து, இதிலும் என் கையெழுத்து. இரண்டையும் ஒப்பிட்டால் எழுத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே என் கையெழுத்தை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை பேருந்தில் வரும்போதும் அந்தக் கார் முன்வரிசையில்தான் நின்றது. யாரையாவது அனுப்பி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

மேலுள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பின்னர் நானும் தாளை வாங்கி வரிவரியாக வாசித்து, ஓரிடத்தில் திகதியைத் திருத்தினேன். பார்க்காமல் எதற்கும் சரி சொல்லவில்லை. அனைத்தும் உண்மை என்பதால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சி. அம்பிகைபாகன்