போன் திருத்திய வார்த்தை

— கெட்ட வார்த்தையா? உன் போன்லயா? எதுக்கும்மா அதெல்லாம்?

— வேணும் அண்ணா. சேர்த்துக் கொடு.

— இதோ பாரு, அந்த மாதிரி வார்த்தைங்களைத் தேடிப் பிடிச்சு கீபோர்டு அகராதியில இருந்து தூக்கறதுதான் ஆபீஸ்ல என் வேலையே. சின்னப் பசங்க கையில எல்லாம் போன் இருக்கு. ஒரு எழுத்து தட்டினதும் அசிங்கம் வந்து முன்னாடி நிக்கணுமா?

— வந்து நிக்க வேண்டாம். நானே முழுசா தட்டறேன். போன் அதை மாத்தாம இருந்தா போதும்.

— யாரைத் திட்டப் போற? என்னையா?

— உனக்கு இருக்கற வார்த்தையே போதும்.

— அடிப்பாவி! இதோ பாரு, தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் நீ தட்டறதையெல்லாம் இந்த போன்தான் பேசுது. அதுவும் முன்னாடியே பதிஞ்சு வெச்ச உன் சொந்தக் குரல்ல. அந்தக் குரல்ல போய் அசிங்கமா?

— நேத்து கம்பெனியில விசாரணை. சூப்பர்வைசர் மேல நான் கொடுத்த புகார்.

— ஆமா, கேட்கணும்னே இருந்தேன். என்ன ஆச்சு?

— பேக்கிங் ஹால்ல அவர் என்னை என்னன்னு கூப்பிட்டார்னு கேட்டாங்க. தட்டினேன். போன் 'தேவதை'ன்னு திருத்திப் படிச்சுது.

— ஐயோ.

— எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். பாராட்டினதுக்கா புகார்னு ஒருத்தர் கேட்டார்.

— பேப்பர்ல எழுதிக் காட்டியிருக்கலாமேம்மா!

— காட்டினேன். மனசுக்குள்ள படிச்சுட்டு மடிச்சு வெச்சுட்டாங்க. 'தகாத வார்த்தை'ன்னு குறிச்சுக்கிட்டாங்க.

— சரி, அதுவும் பதிவுதானே?

— அவன் ஹால் முழுக்கக் கேட்கற மாதிரி சொன்னான்ணா. நாளைக்கு மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்த ரூம்லயும் எல்லார் காதுலயும் விழணும்.

— போனைக் கொடு. உன் போன்ல மட்டும் திருத்தாதபடி மாத்திடறேன்... ம், ஆச்சு. இப்ப தட்டு.

— ஒண்ணு மட்டும் இல்லண்ணா. இன்னும் ரெண்டு இருக்கு.

— எல்லாத்தையும் தட்டு. ஒண்ணு விடாதே. சத்தத்தைக் கூட்டி வெச்சு ஒரு தடவை பேசவிட்டுப் பார்த்துடலாம். இரு இரு, கதவைச் சாத்திடறேன். அம்மா காதுல விழும்.

— திறந்தே இருக்கட்டும். அப்படி என்னடி பெருசா சொல்லிட்டான்னு காலைல இருந்து அவங்கதான் கேட்டுட்டே இருக்காங்க.