மேனேஜருக்கு ஏற்றிய மோட்ச தீபம்

ஆடி அமாவாசைக்கு மறுநாள் காலை, ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகும் பஸ். என் முன் இருக்கையில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு இளம்பெண், பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

“நேத்து எங்க மேனேஜருக்கு மோட்ச தீபம் ஏத்திட்டாங்கக்கா.”

“அடடா. எப்ப செத்தாரு?”

“சாகலக்கா, எம் பக்கத்துலதான் நின்னாரு. தீபத்துக்குச் செத்தவங்க பேரப் பதிய, கோயிலுக்கு நாங்க செஞ்ச புக்கிங் சிஸ்டம் நேத்துதான் ஆரம்பம். சோதனைக்கு அவரு பேரப் போட்டுப் பாத்தேன், அழிக்க மறந்துட்டேன். குருக்கள் மைக்குல படிச்சிட்டாரு.”

“உன் வேலை போச்சுலா.”

“அப்படித்தான் நெனச்சேன். கோயில் தலைவரு சிஸ்டத்த ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு வேலை நிரந்தரம். மேனேஜரு கைகூப்பி நின்னாரு.”

“தலைவரு?”

“அங்கேயே கையெழுத்துப் போட்டாரு. ‘போனவரே நேர்ல வந்து கும்பிடுறாரு, இதவிட நல்ல சிஸ்டம் எங்க கெடைக்கும்’னாரு.”