அந்தக் குரங்குக்கும் அதே பேர்

ஆடுகோடி சிக்னலில் பஸ் நகரவே இல்லை. எனக்கு முன்சீட்டில் ஒரு பெரியவர், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன், கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு. அப்பாவை ஊருக்கு ரயிலேற்றப் போகிறான் போலிருக்கிறது. பெரியவர் திடீரென்று கேட்டார்.

“அந்தக் குரங்குக்கும் பபூன்னுதான் பேரா?”

“விடுங்கப்பா. இங்கிலீஷ்ல அது ஒரு குரங்குன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

“நேத்து விருந்துல உங்க மேனேஜர் என்கிட்ட என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு. நாடகத்துல பபூன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

“அவருக்கு நம்மூரு நாடகக் கோமாளி எங்க தெரியப்போகுது?”

“தெரியலைன்னா கேக்கணும். போன்ல குரங்கு படத்தை எடுத்து என் மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு எல்லாருக்கும் காட்டுவாரா?”

“சும்மா ஜோக்குப்பா. ஒரு மீனுக்குக்கூட கோமாளின்னு பேரு இருக்கு. அதுவா கோவிச்சுக்குது?”

பெரியவர் சிரிக்கவில்லை. நடுவில் நின்றவர்களை முன்னால் போகச் சொல்லி “முந்தெ ஹோகி” என்று கன்னடத்தில் அதட்டியபடி கண்டக்டர் கடந்துபோனார்.

“இதுக்குப்போய் யாராவது பாதியில ஊருக்குக் கிளம்புவாங்களாப்பா? அவ என்ன நெனைப்பா?”

“மருமக ஒண்ணும் நெனைக்காது. அந்தப் படத்தைக் காட்டினதுமே அது சாப்பிடாம எந்திரிச்சுப் போயிருச்சு.”

“அப்பா, மெதுவா பேசுங்க.”

“மெதுவாத்தான் பேசுறேன். அங்க இருந்தவங்களுக்குப் பபூன்னா யாருன்னு தெரியாது. தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நீதான்டா முதல்ல சிரிச்ச.”